மணலூர்பேட்டையிலிருந்து மண்ணூர்பேட்டைக்கு

எங்கள் ஊராகிய மணலூர்பேட்டையிலிருந்து தென்பெண்ணையின் போக்கிலேயே கிழக்கு நோக்கிப் போனால் வருவது திருக்கோவிலூர். முதலாழ்வார் மூவரும் ஒரு மழை இரவில் அங்கே சந்தித்த கதையை அறியாதார் நம் பக்கத்தில் இலர். பொய்கையாழ்வார் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்குகின்றார். ஒருவர் படுக்கத்தக்க இடம்தான் அது. பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்ட, இருவரும் உட்காருகின்றனர். பேயாழ்வாரும் வந்து சேர, மூவரும் நின்றுகொள்கின்றனர். நான்காவதாக இறைவனே வந்து நெருக்கினான் என்பது கதை. பக்தர்கள் அதில் பக்தியைக் காண்பர். தமிழ் இலக்கிய வகுப்பு நண்பர்கள் அந்தாதியைக் காண்பர். பொருளியல் மாணவனாகிய நான், சென்ற 2024ஆம் ஆண்டு ஆனி மாதத்திற்குப் பிறகு, அதில் வேறொன்றைக் காண்கின்றேன். அந்த இடைகழிக்கு அவர்களிடம் யாரும் அட்வான்ஸ் கேட்கவில்லை!

இதைப் படித்துச் சிரிக்கும் நண்பர்களே, சிரியுங்கள். நானும் அந்த ஆனி மாதத்திற்கு முன்பு சிரித்திருப்பேன். அந்த மாதத்தில்தான் என் அண்ணனுக்கு வீடு தேடச் சென்னைக்குச் சென்றேன். அண்ணன் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்கின்றார். மாதச் சம்பளம் 18,000 ரூபாய். திருமணமாகி மூன்றாண்டுகள் ஆகியும் அவர் பட்டறையின் மாடியில் நான்கு பேரோடு ஓர் அறையிலும், அண்ணியும் குழந்தையும் எங்கள் வீட்டிலுமாக இருந்தனர். குழந்தைக்கு ஒன்றரை வயது. "அப்பா எங்கே?" என்று கேட்டால் அது அண்ணியின் கைப்பேசியைக் காட்டும்! வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணி மட்டும் ஒருநாளும் சிரித்ததில்லை. ஒருநாள் அப்பாவே, "போய் ஒரு வீட்டைப் பாருங்கடா. ஆடி பிறந்துட்டா எவனும் வீடு மாற மாட்டான்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. ஆடியில் வீடு மாறுவதில்லை, மார்கழியிலும் மாறுவதில்லை என்பது நம் மக்கள் வழக்கம். ஆகவே ஆனி மாதத்துச் சென்னையில் வீடு தேடுவது தீபாவளிக்கு முதல்நாள் துணி எடுப்பதைப் போன்றது. எல்லோரும் ஒரே நேரத்தில் தெருவில் இருப்பார்கள்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை ஒட்டி மண்ணூர்பேட்டை என்றோர் இடம் இருக்கின்றது. பெயரைக் கேட்டதுமே எனக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. மணலூர்பேட்டைக்காரனை மண்ணூர்பேட்டை கைவிடுமா என்ன? மண்ணூர்பேட்டை, பாடி, கொரட்டூர், பட்டரைவாக்கம் என்று மூன்று நாட்கள் நடந்தோம். பதினொரு வீடுகள் பார்த்தோம். வீடு என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். அங்கே அதற்குப் பெயர் போர்ஷன். ஒருகாலத்தில் ஒண்டுக் குடித்தனம் என்றார்களே, அதுவேதான், மாடி மேல் மாடியாக ஏறி நிற்கின்றது. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. குளியலறை பொதுவாக இருந்தால் ஒரு விலை, தனியாக இருந்தால் ஒரு விலை.

ஓரிடத்தில் மூன்றாம் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை, வாடகை 4,500. உள்ளே நுழைந்ததும் நெற்றியில் வியர்வை பொடித்தது. குழந்தையை அங்கே எப்படிப் படுக்க வைப்பது? இன்னோரிடத்தில் வாசலிலேயே பலகை: "சைவம் மட்டும்." எங்கள் ஊரில் ஆற்றில் நீர் வந்தால் மீன் வரும், மீன் வந்தால் சட்டி ஏறும். ஆகவே அந்தப் படியேறவில்லை. வேறோரிடத்தில் வீடு நன்றாகவே இருந்தது. கதவைத் திறந்த பெரியவர் அன்பாகத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "நீங்க எந்த ஆளுங்க தம்பி?" என்றார். அண்ணன் வெள்ளந்தியாக, "மணலூர்பேட்டைங்க, திருக்கோவிலூர் பக்கம்" என்றார். "ஊரைக் கேக்கல தம்பி" என்றார் அவர். அண்ணன் சொன்னார். "மகன்கிட்டக் கேட்டுட்டு போன் பண்றேன்" என்று எண்ணை வாங்கிக்கொண்டார். அந்தத் தொலைபேசி இன்றுவரை வரவில்லை.

இதை எழுதவேண்டாம் என்று அண்ணன் சொன்னார். எழுதாமல் எப்படி இருப்பது? அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் 1966இல் சிகாகோ நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஏழைப் பகுதியில் தாமே ஒரு வாடகை வீட்டில் குடியேறி, வீடு கொடுப்பதில் நிறபேதம் பார்ப்பதை எதிர்த்து இயக்கம் நடத்தினார். 1968 ஏப்ரலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்திற்குள், வீட்டு வாடகையிலும் விற்பனையிலும் இனபேதம் காட்டுவதைத் தடுக்கும் சட்டத்தில் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். நமது அரசியல் சட்டம் கடையிலும் கிணற்றிலும் குளத்திலும் சாதி பார்க்கக்கூடாது என்று பெயர் சொல்லித் தடுக்கின்றது. வாடகை வீட்டின் வாசற்படியை அப்படிப் பெயர் சொல்லவில்லை. அதனால்தான் ஒருவர் தண்ணீரும் கொடுத்து அந்தக் கேள்வியையும் கேட்க முடிகின்றது.

ஆனால் நான் எழுத வந்தது வேறொரு படியைப் பற்றி. சாதியைக் கேட்காதவர்களும் கேட்கும் ஒன்று இருக்கின்றது. மூன்றாம் நாள் மாலை, கணவரை இழந்த ஓர் அம்மாளின் வீட்டில் முதல் மாடிப் போர்ஷன் ஒன்றைப் பார்த்தோம். அறையில் காற்று வந்தது. தனிக் குளியலறை. மோட்டார் போட்டால் காலையும் மாலையும் தண்ணீர். வாடகை 6,500. அண்ணனின் முகம் மலர்ந்தது. "அட்வான்ஸ் பத்து மாசம், 65,000" என்றார் அந்த அம்மாள். மலர்ந்த முகம் அப்படியே நின்றது.

அரை மணி நேரம் பேசினோம். நான் என் பொருளியல் அறிவையெல்லாம் காட்டினேன்; அதனால் ஒரு ரூபாயும் குறையவில்லை. அண்ணன் கைப்பேசியில் குழந்தையின் படத்தைக் காட்டினார், 15,000 குறைந்தது. 50,000 என்று முடிந்தது.

இந்த ஐம்பதாயிரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். மாதம் 6,500 ரூபாயை அண்ணனால் கொடுக்க முடியும். சிரமப்பட்டாவது கொடுப்பார், இன்றும் கொடுத்து வருகின்றார். ஆனால் ஒரே நாளில் 50,000 என்பது அவருடைய மூன்று மாதச் சம்பளத்திற்குச் சற்றே குறைவு. அதைச் சேர்த்து வைக்கும் வரையில் அவர் மாடியறையில் நான்கு பேரோடுதான் படுத்திருக்க வேண்டும். நகரத்தில் குறைந்த வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை என்று எல்லோரும் பேசுகின்றோம். என் அனுபவத்தில், வாடகை ஏழையைத் தடுப்பதற்கு முன்பே முன்பணம் தடுத்துவிடுகின்றது. மாதந்தோறும் கொடுக்க வல்லவனைக்கூட முதல்நாளிலேயே வெளியே நிறுத்தும் படி அது.

எங்கள் வீட்டில் அந்தத் தொகை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகின்றேன். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டிய பணத்தில் அப்பா 35,000 கொடுத்தார். மீதி 15,000த்தை நூற்றுக்கு மூன்று வட்டிக்கு ஊரில் வாங்கினோம். மாதம் 450 ரூபாய் வட்டி. ஆக, அண்ணனின் உண்மையான வாடகை 6,500 அல்ல, 6,950. அப்பா கொடுத்த 35,000க்கு வட்டி இல்லை என்று நினைக்கக் கூடாது. அந்தப் பணம் கையில் இருந்திருந்தால் அடுத்த பயிருக்கு உரம் வாங்கக் கடனுக்குப் போயிருக்கமாட்டார். இதைத்தான் எங்கள் பேராசிரியர் வகுப்பில் வாய்ப்புச் செலவு என்று கரும்பலகையில் எழுதினார். அன்று நான் அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன்.

மின்சாரக் கணக்கும் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016 முதல் நடப்பிலுள்ளது. ஆனால் போர்ஷன்களில் தனித்தனி மின் இணைப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. உள்மீட்டர் ஒன்று தொங்கும். யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வீட்டுக்காரர் வைத்ததே கட்டணம். அண்ணன் வீட்டில் யூனிட் 9 ரூபாய். அரசு கொடுத்த இலவசம் மாடிப்படி ஏறவில்லை! காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது சென்னையின் எழுதாத சட்டம். அது தனி.

எழுதிய சட்டம் என்ன சொல்கின்றது? திரும்பி வந்ததும் நம் கல்லூரி நூலகத்திலும் பிறகு வெளியிலுமாகத் தேடிப் படித்தேன். இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், சென்னையில் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை முதன்முதலில் வந்தது. அடுத்த ஆண்டே ஒரு வேடிக்கை. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வருகின்றார்கள் என்ற அச்சத்தில் மக்கள் கூட்டங்கூட்டமாக நகரைவிட்டு வெளியேற, வீடுகள் பூட்டிக் கிடந்தன. சென்னையில் குடித்தனக்காரனுக்குப் பெருமை இருந்த காலம் அது ஒன்றுதான் போலும். அதற்கு ஒரு படையெடுப்பு தேவைப்பட்டது! போர் முடிந்தபின் 1946இலும் 1949இலும் சட்டங்கள் வந்தன. பின்னர் 1960ஆம் ஆண்டுச் சட்டம் வந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நடப்பில் இருந்தது. அந்த 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்காரர் வாங்கக்கூடிய முன்பணம் எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு மாத வாடகை! சட்டம் ஒரு மாதம் என்று சொல்லிக்கொண்டிருந்த அதே நகரத்தில்தான் பத்து மாத அட்வான்ஸ் என்னும் வழக்கம் வேரூன்றி மரமாயிற்று.

பின்னர் 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்காரர், குடித்தனக்காரர் இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்துவது அதன் நோக்கம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும், காலி செய்தால் ஒரு மாதத்திற்குள் முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டும், தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி மிரட்டக்கூடாது என்றெல்லாம் நல்ல செய்திகள் அதில் உள்ளன. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்றும் சொல்கின்றது. ஆனால் அந்த வரியிலேயே ஒரு சிறு வாசல் திறந்திருக்கின்றது. இருவரும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அதுவும் செல்லும். ஆனி மாதக் கடைசியில், பின்னால் இரண்டு குடும்பங்கள் மாடிப்படியில் காத்து நிற்க, "மூன்று மாதந்தான் தருவேன்" என்று ஒப்பந்தம் பேச வல்ல குடித்தனக்காரன் யார்? மத்திய அரசு 2021இல் ஏற்றுக்கொண்ட மாதிரி வாடகைச் சட்டம் இரண்டு மாதம் என்கின்றது. அது மாநிலங்களுக்குக் காட்டிய மாதிரி மட்டுமே.

எங்கள் விஷயத்தில் நடந்ததோ இன்னும் சுவையானது. அந்த அம்மாளின் உறவினர் ஒருவர் முத்திரைத்தாளோடு வந்தார். சட்டம் தெரிந்தவர். "முன்பணம் மூணு மாசம்னே எழுதிக்குவோம். 19,500. மீதி 30,500 நம்பிக்கை" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். சட்டத்தை மீறாத தாள்! பேனாவை நீட்டினார்கள், அண்ணன் கையெழுத்துப் போட்டார். நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

இதைப் படித்துவிட்டு வீட்டுக்காரர்களெல்லாம் கொடியவர்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அந்த அம்மாள் நல்லவர். முதல்நாள் பால் காய்ச்சும்போது குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சர்க்கரையை அவரே கொண்டுவந்து போட்டார். அவருடைய கதையையும் அன்றே சொன்னார். கணவர் ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் கட்டிய மாடி அது; இரண்டு போர்ஷன் வாடகைதான் அவருக்குச் சோறு. முன்பு குடியிருந்தவர் ஆறு மாத வாடகை பாக்கி வைத்துவிட்டு ஓர் இரவில் சாமானோடு போய்விட்டாராம். வழக்குப் போட யாரால் முடியும்? பழைய சட்டத்தின்கீழ் ஒரு குடித்தனக்காரரைக் காலி செய்ய வைக்க நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்களின் கதைகள் நகரமெங்கும் உண்டு. நீதிமன்றம் ஒரு மாதத்தில் தீர்க்கும் என்ற நம்பிக்கை இருந்தால் அவர் ஒரு மாத முன்பணத்தோடு நின்றிருப்பார். பத்து ஆண்டு ஆகும் என்ற அச்சம் இருப்பதால் பத்து மாதம் கேட்கின்றார். இது என் ஊகம். ஆனால் அவர் பேச்சில் பேராசையைவிடப் பயமே மிகுதியாக இருந்தது.

எங்கள் வீடே ஒருகாலத்தில் வாடகைக்கு விட்ட வீடுதான். என் பாட்டி இருந்தபோது, எங்கள் முன்கட்டு அறையில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் குடும்பத்தோடு ஆறு ஆண்டுகள் இருந்தார். முன்பணம் என்ற சொல்லே எழவில்லை. பாட்டிக்கு அவர் ஊர் தெரியும், வேலை தெரியும், ஓடிப்போக மாட்டார் என்பது தெரியும். (சாதியும் தெரியும். அதை மறைத்து எழுதினால் நான் மேலே எழுதியதற்கு மரியாதை இல்லை.) நகரத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது, அந்தத் தெரியாமைக்குப் போட்ட விலைதான் 50,000. சிறிய ஊரில் முகத்தைப் பார்த்தே எளிதில் கொடுத்துவிடும் ஒன்றை, நகரத்தில் பணம் கொடுத்து வாங்குகின்றோம்.

அப்படியானால் அந்த ஜாமீனை ஏழையின் பையிலிருந்துதான் எடுக்கவேண்டுமா? ஜெர்மனியில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. அதையும் குடித்தனக்காரர் மூன்று மாதத் தவணையில் கட்டலாம். வீட்டுக்காரர் அதைத் தம் பணத்தோடு கலக்காமல் வட்டி வரும் தனிக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். வட்டி குடித்தனக்காரருக்கே சேரும். இங்கிலாந்தில் முன்பணத்தை அரசு ஒப்புதல் பெற்ற ஒரு காப்பு ஏற்பாட்டில் பதிந்து பாதுகாக்க வேண்டும் என்பது 2007 முதல் விதி. தென்கொரியாவிலோ நம்மூர்ப் போகியம் போல ஒரு முறை உண்டு. பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகையே இல்லை. காலி செய்யும்போது தொகை திரும்ப வரும். வரவேண்டும் என்பதே உண்மை. அண்மை ஆண்டுகளில் அங்கே பல வீட்டுக்காரர்களால் திருப்பித் தர முடியாமல், இளைஞர்கள் வாழ்நாள் சேமிப்பை இழந்து நின்ற செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. சென்னையில் லீஸ் என்று கொடுத்துவிட்டுக் காத்திருப்போர் அதைப் படித்தால் தூக்கம் வராது.

நம் நாட்டிற்கு ஏற்ற வழி நம் ஊரிலேயே இருக்கின்றதென்று எனக்குத் தோன்றுகின்றது. எங்கள் பக்கத்து விவசாயி கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்குகின்றார். தவணை தவறாமல் கட்டினால் வட்டியில்லை. நிலத்தில் பயிர் செய்பவனுக்கு விதைக்கும் உரத்திற்கும் முன்கூட்டியே பணம் வேண்டும் என்பதை இந்த நாடு ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த விவசாயியின் மகன் பட்டறைக்குப் போனால் அவனுக்கும் முன்கூட்டியே பணம் வேண்டும் என்பதை மட்டும் ஏன் ஒப்புக்கொள்ளவில்லை? அரசு ஊழியருக்குப் பண்டிகை முன்பணம் உண்டு, வீடு கட்டும் முன்பணம் உண்டு. அவர்களுக்கு முன்பணம் என்பது வாங்கும் சொல். தொழிலாளிக்கு மட்டும் அது கொடுக்கும் சொல்! நகரத்துக் கூட்டுறவுச் சங்கங்கள் வாடகை முன்பணக் கடன் என்று ஒன்றைத் தொடங்கலாம். மூன்று மாத வாடகைக்குமேல் தரவேண்டாம். பணத்தைத் தொழிலாளியின் கையில் கொடுக்காமல், பதிவான ஒப்பந்தத்தைப் பார்த்து வீட்டுக்காரரின் கணக்கிலேயே செலுத்தட்டும். காலி செய்யும்போது அது சங்கத்திற்கே திரும்பட்டும். வாடகை பாக்கி வைத்தால் சங்கம் கொடுத்துவிட்டு, உறுப்பினரிடம் வசூலிக்கட்டும். வீட்டுக்காரருக்குப் பயம் போகும். பயம் போனபின்னும் பத்து மாதம் கேட்பவரிடம், "மூன்று மாதத்திற்குச் சங்கம் நிற்கின்றது, அதற்குமேல் சட்டம் இல்லை" என்று சொல்லத் தெம்பு வரும். அதற்குச் சட்டத்தில் திறந்திருக்கும் அந்தச் சிறு வாசலையும் அடைக்கவேண்டும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 1961இல் வீட்டுவசதி வாரியமும் 1970இல் குடிசைமாற்று வாரியமும் தோன்றின. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் தொழிற்சாலைப் பெண்கள் 18,720 பேர் தங்கத்தக்க குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பணிபுரியும் மகளிர்க்குத் தோழி விடுதிகள் நடக்கின்றன. பெரிய தொழிற்சாலையில் வேலை செய்யும் மணமாகாத பெண்ணுக்கு ஒரு கட்டில் கிடைப்பது நல்லதே. பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்காரனுக்கும் அவன் மனைவி குழந்தைக்கும் கட்டில் கணக்கில் இடம் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் ஆளில்லாமல் பூட்டிக்கிடந்த வீடுகள் ஒரு கோடிக்கு மேல், சரியாகச் சொன்னால் ஏறத்தாழ 1.1 கோடி. வீடும் இருக்கின்றது, ஆளும் இருக்கின்றான். இடையிலுள்ள பூட்டைத் திறக்கும் பேச்சுத்தான் குறைவு. செழியன் இயக்கிய 'டு லெட்' திரைப்படம் தேசிய விருது பெற்றது. அதில் வீடு தேடி அலையும் குடும்பத்தைப் பார்த்து நம் விடுதி நண்பர்கள், "இவ்வளவா அலைவார்கள்?" என்றனர். அவர்களில் பலர் அடுத்த சித்திரையில் பட்டம் வாங்கிக்கொண்டு அதே தெருக்களுக்குத்தான் போகவிருக்கின்றனர். ஆகவே ஒன்று கேட்டுக்கொள்கின்றேன். போகும்போது எவ்வளவு கொடுத்தாலும் அவ்வளவையும் தாளில் எழுதி வாங்குங்கள். கையில் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை.

செய்யாததன் வலி டிசம்பரில் தெரிந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை நிறைந்து, தென்பெண்ணை கரைபுரண்டு வந்ததை நம் பகுதியினர் மறக்கமாட்டார்கள். ஆற்றோரத்தில் எங்கள் கரும்பும் சாய்ந்தது. மறுவாரம் அப்பா, "சென்னையில கொடுத்த பணத்துல பாதியாவது கேட்டுப் பாருடா" என்று அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னார். அண்ணன் கேட்டார். "மாப்பிள்ளை பட்டறை வைக்கக் கொடுத்துட்டேனே தம்பி, நீங்க காலி பண்றப்ப அடுத்து வர்றவங்ககிட்ட வாங்கித்தானே தருவேன்" என்றார் அந்த அம்மாள். பொய் சொல்லவில்லை. அடுத்து வருபவர் கொடுப்பதில்தான் முன்னே போனவருக்குத் திரும்பும் என்பது அங்கே எல்லோரும் அறிந்த ஏற்பாடு.

தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவிற்கு அண்ணன் குடும்பத்தோடு வந்தார். திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் எங்கள் ஊர் ஆற்றிற்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் நாள் அது. வெளியூர்ச் சொந்தங்கள் வந்து எங்கள் திண்ணை நிறைந்திருந்தது. படுத்தவர் உட்கார, உட்கார்ந்தவர் நிற்க, இடைகழிக் கதைதான். குழந்தை அண்ணனின் தோளைவிட்டு இறங்கவே இல்லை. "அப்பா எங்கே?" என்று யாரோ கேட்டதற்கு அவர் மூக்கைப் பிடித்துக் காட்டியது. அண்ணி சிரித்தார்.

மாலையில் அப்பா, "அந்த முப்பதாயிரத்துச் சொச்சத்துக்குச் சீட்டு ஒண்ணும் இல்லையா?" என்று மெல்லக் கேட்டார். அண்ணன் இல்லை என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்க் கரும்புக் கணக்கு எழுதும் நோட்டை எடுத்துவந்து, கடைசிப் பக்கத்தில், "மண்ணூர்பேட்டை வீட்டு அட்வான்ஸ் ரூ. 50,000, இதில் தாளில் உள்ளது 19,500" என்று எழுதி, ஆனி மாதத் தேதியைப் போட்டு, அண்ணனையும் என்னையும் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டோம்.